அண்ணாச்சி பதில்கள்: ஆபீஸ் வேலையோடு ஓடிய கவாவுச்சி

போன இதழில் கடையத்துத் தம்பி ஒருவர், "மாரத்தான் ஓடணும்னா வேலையை விட்டாத்தான் முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தார். "ஜப்பானில் யூகி கவாவுச்சி என்றொரு பள்ளிக்கூட ஆபீஸ் ஊழியர் இருந்தார், அவர் கதையைத் தேடிப் படியுங்கள்" என்று இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: பிழைப்பையும் ஓட்டத்தையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது? அதனால் இந்த இதழ் முழுக்க கவாவுச்சிக்கே.

கேள்வி: ரெண்டு வரி எழுதிட்டு நைசா நகர்ந்துட்டீங்களே அண்ணாச்சி! யார் இந்த கவாவுச்சி? அப்படி என்ன சாதித்தார்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: 1987-ல் பிறந்தவர். டோக்கியோவுக்கு வடக்கே ஒட்டிக் கிடக்கிற சைதாமா மாகாணத்தில் வளர்ந்தவர். 2018 பாஸ்டன் மாரத்தானில் முதலிடம். அதற்கு முன் அங்கே ஜெயித்த ஜப்பான் ஆண், 1987-ல் தொஷிஹிகோ செகோ. நடுவில் 31 வருஷம் ஓடிவிட்டது. 2 மணி 20 நிமிடத்துக்குள் 100 மாரத்தான்களை ஓடி முடித்த முதல் ஆளும் கவாவுச்சிதான். நூறாவதை 2020 டிசம்பரில் ஹோஃபு என்ற ஊரில் முடித்தார்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். பாளையங்கோட்டையில் கிளம்பினால் பாபநாசத்தைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருக்கும். அவருடைய சிறந்த நேரம் 2 மணி 7 நிமிடம் 27 விநாடி. கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஒரு விநாடி என்று கணக்கு வருகிறது.

அவர் வந்த வழிதான் முக்கியம். ஜப்பானில் நெடுந்தூர ஓட்டத்துக்கு என்று போட்டு வைத்த ஒரு பாதை உண்டு. பள்ளியில் நன்றாக ஓடுகிற பையனை ஓட்டத்துக்குப் பேர்போன பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போகும். அங்கே அவன் கனவு ஹகோனே எகிடென். ஜனவரி 2, 3 தேதிகளில், டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்புகிற அஞ்சல் ஓட்டம் அது. பத்துப் பேர், 217 கிலோமீட்டர். கையில் குச்சிக்குப் பதிலாகத் தோளில் ஒரு பட்டைத் துணி, ஒருவர் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். புத்தாண்டு விடுமுறையில் நாடே டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. அங்கே பெயர் எடுத்தவனைப் பெரிய கம்பெனி தன் அணியில் சேர்த்துக்கொள்ளும். பெயருக்கு ஆபீஸ் வேலை, மற்றபடி பயிற்சியாளர், மசாஜ், மலை முகாம் எல்லாம் கம்பெனி செலவு.

கவாவுச்சி இந்தப் பாதையில் ஏறவே இல்லை. உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுக்க காயம். பெரிய ஓட்டப் பல்கலைக்கழகம் எதுவும் கூப்பிடவில்லை. படிப்புக்காக ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது ஓட்டத்துக்குப் பேர் வாங்கிய இடம் கிடையாது. அங்கிருந்தே, தகுதி பெறாத கல்லூரிகளின் நல்ல ஓட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்க்கிற அணியில் இடம் பிடித்து, 2007-லும் 2009-லும் ஹகோனே ஓடினார். இரண்டு முறையும் ஆறாவது பிரிவு. மலை மேலிருந்து காலைக் குளிரில் கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர் கீழே இறங்குகிற பிரிவு. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு வளைந்து வளைந்து இறங்குகிற ரோட்டை முழு வேகத்தில் ஓடி இறங்குவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தொடைக்கு என்ன கதியாகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மகன் பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அளவில் 5000 மீட்டரில் பரிசு வாங்கியிருக்கிறான். காலையும் மாலையும் கிரவுண்டே கதி. "முதல்ல படி, ஒரு கவர்மெண்ட் வேலைக்குப் போ, அப்புறம் ஓடு" என்கிறேன். அவன் அப்பா என் பக்கம், பிள்ளை உங்கள் பக்கம். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, கவாவுச்சி கதையே ஒரு அம்மாவிடம்தான் தொடங்குகிறது. ஆரம்பப் பள்ளிக் காலத்தில் அவருடைய அம்மாதான் தினமும் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கடிகாரம் பிடித்து ஓடவிட்டவர். நல்ல நேரம் ஓடினால் பிடித்த தின்பண்டம் கிடைக்கும். நேரம் கூடிப்போனால் கூடுதல் சுற்று. பிள்ளை வளர்ந்ததும் அந்த அம்மா ஒதுங்கிக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும், 2009-ல், அவர் நீங்கள் சொல்கிற வேலைக்குத்தான் போனார். சைதாமா மாகாண அரசு ஊழியர். போட்ட இடம் ஒரு மாலைநேர உயர்நிலைப் பள்ளியின் அலுவலகம். பகல் 12.45-க்கு உள்ளே போனால் இரவு 9.15-க்கு வெளியே. ஃபைல், கணக்கு, டெலிபோன் என்று நம் ஊர் பள்ளிக்கூட கிளார்க் பார்க்கிற அதே வேலை. இந்த நேரக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மற்ற ஊழியர்களுக்குக் காலை பறிபோகிறது. இவருக்குக் காலை முழுக்கக் கையில் இருக்கிறது. தூங்கி எழுந்து, நிதானமாக ஓடி, குளித்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம். ராத்திரி வந்து படுத்தால் போதும். கம்பெனி அணிக்காரர்கள் தினம் இரண்டு வேளை ஓடினார்கள், இவர் ஒரு வேளை. அவர்கள் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் இவர் சுமார் அறுநூறு. இருந்தும் ஏறி வந்தார்: 2009-ல் முதல் மாரத்தான் 2:19:26. 2010 டோக்கியோவில் 2:12:36, நாலாமிடம். 2011 டோக்கியோவில் 2:08:37, மூன்றாமிடம், ஜப்பான்காரர்களில் முதல் ஆள். அன்றைக்குக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி அணிகளில் முழுநேரமும் ஓட்டமே பிழைப்பாக இருந்த அத்தனை ஜப்பான்காரர்களையும் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்காரர் முந்தினார் என்று நாடே பேசியது. அன்றிலிருந்து ஜப்பான் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டம் 'குடிமக்கள் ஓட்டக்காரர்'.

நான் பி.டி. வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஒன்றைப் பார்த்தேன். பத்தாவது வரை கிரவுண்டில் புழுதி பறக்க ஓடுகிற பிள்ளை பதினொன்றாவதில் திடீரென்று காணாமல் போகும். விசாரித்தால் டியூஷன். வாங்கிய கோப்பைகள் ஷோகேஸில் இருக்கும், பிள்ளை வீட்டுக்குள் இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேர ஓட்டம் பாரமே இல்லை தங்கச்சி. "முதலில் வேலை, அப்புறம் ஓட்டம்" என்று வரிசை போட்டீர்கள் என்றால் அந்த அப்புறம் வரவே வராது. பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயது வரை கட்ட வேண்டிய நுரையீரலையும் காலையும் முப்பதில் உட்கார்ந்து கட்டுவது கஷ்டம்.

உங்களுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு சொல்கிறேன். மாலை கிரவுண்டை நிறுத்தட்டும், அந்த நேரம் படிப்புக்கு. காலை ஓட்டத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு அவன் கிளம்பும்போது கேட்டைத் திறந்து விடுகிறவர் நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்க்கிறேன், 7:20-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கவாவுச்சி எப்படிப் பயிற்சி செய்தார்?
– வாசகர், தச்சநல்லூர்

பதில்: தம்பி, காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போனால் உங்களை மாதிரி நூறு பேரைப் பார்க்கலாம். ஒருவன் போனில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நாலு பேர் ஓடுவார்கள். முதல் சுற்று எண்பது விநாடியில் பறக்கும். இரண்டாவதில் தோள் மேலே ஏறும். மூன்றாவதில் ஒரு கை இடுப்புக்கு வந்துவிடும், வாய் திறந்துவிடும். கடைசி முக்கால் சுற்று ஓட்டமாகவே இருக்காது. மறுநாளும் அதே கதை.

கணக்குப் போடுங்கள். 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 112 விநாடி போதும். எண்பதில் ஓட என்ன அவசியம்? முதல் சுற்றை 110-ல் ஓடுங்கள், உடம்பு சிரமமே படக்கூடாது. அதே தாளத்தில் மூன்று சுற்று. கடைசி முக்கால் சுற்றுக்கு மட்டும் கையை வீசி ஓடுங்கள். கவாவுச்சியின் 2:07:27-ஐ இதே டிராக்கில் போட்டால் ஒரு சுற்று 72, 73 விநாடி. அப்படி நூற்றைந்து சுற்று. உங்கள் 1500 மீட்டரை அவர் நாலரை நிமிடத்தில் முடித்து, அதை இருபத்தெட்டு தடவை நிற்காமல் செய்கிறார் என்று அர்த்தம்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். அவர் தினமும் முழு வேகத்தில் ஓடவே இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் புதன்கிழமை, வேகப் பயிற்சி. வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம் அல்லது போட்டி. மிச்ச நாளெல்லாம் பைய ஓட்டம். 'பைய' என்றால் நிஜமாகவே பைய, பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே போகிற அளவுக்கு. உங்களுக்கும் அதே முறைதான். வாரத்தில் நாலு நாள் முப்பது நாற்பது நிமிடம், பேச்சு வருகிற வேகத்தில். ஒரு நாள் 400 மீட்டரை 105 விநாடியில் ஐந்து தடவை, நடுவில் இரண்டு நிமிடம் நடை. முழு 1500-ஐ நேரம் பார்த்து ஓடுவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: போட்டிக்கு முந்தின நாள் அவர் என்ன சாப்பிடுவார்? இங்கே சிலர் முட்டை வெள்ளை, புரோட்டீன் பவுடர் என்கிறார்கள்.
– வாசகர், ஆலங்குளம்

பதில்: கறிச்சோறு! ஜப்பான்காரர்கள் அரிசிச் சோற்றின் மேல் கெட்டியான கறிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள், அவர்கள் வீட்டில் அது அன்றாடச் சாப்பாடு. போட்டிக்கு முந்தின இரவு அதைத் தட்டு தட்டாகச் சாப்பிடுவது கவாவுச்சியின் வழக்கம். நெடுந்தூரம் ஓடச் சோறுதான் எரிபொருள். நம் வீட்டுச் சோறும் பருப்பும் அந்த வேலையைச் செய்யும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: போட்டிக்கு முந்தின நாள் கடைப் பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம், மறுநாள் இருபதாவது கிலோமீட்டரில் வயிறு பழி வாங்கும்.

கேள்வி: இவ்வளவு ஓடியும் அவர் ஒலிம்பிக் பக்கமே போகவில்லை என்று என் மகன் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னான். அப்படியானால் அது தோல்விதானே?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: போகவில்லை, உண்மை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குத் தேர்வாக டோக்கியோவில் ஓடினார், 2:12:51, பதினாலாமிடம். ஆதரித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற விதமாகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வருஷம், 2013-ல், பதினொரு மாரத்தான். பெரிய ஓட்டக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று ஓடினாலே அதிகம். ஜனவரியில் எகிப்தின் லக்சரில் ஒரு போட்டி. பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார், விமானம் போய்விட்டது. சொந்தக் காசில் சுமார் 8 லட்சம் யென்னுக்கு, அன்றைய மதிப்பில் நம் பணம் நாலரை லட்சத்துக்கு மேல், வேறு டிக்கெட் வாங்கிப் போய் ஓடினார், ஜெயித்தார். பிப்ரவரியில் பெப்பு-ஓயிதா மாரத்தானில் 2:08:15. அதில் அவர் முந்தியது, லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவதாக வந்த கென்தாரோ நகாமோதோவை. ஆறு வாரம் கழித்து சியோலில் 2:08:14. டிசம்பர் 1-ல் ஃபுகுவோகாவில் 2:09:05. பதினாலு நாள் கழித்து ஹோஃபுவில் 2:09:15. இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை 2:10-க்குள் ஓடியதைப் பார்த்து, அதுவரை புத்தகம் எழுதி வைத்த பயிற்சியாளர்கள் திகைத்துப் போனார்கள்.

2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம். உலக சாம்பியன்ஷிப்பில் 2011-லும் 2013-லும் பதினெட்டாமிடம், 2017 லண்டனில் ஒன்பதாமிடம். எட்டாமிடத்துக்கு மூன்றே விநாடி பாக்கி. வெயில் அவருக்கு ஆகாது, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னவர். கோடைகாலப் போட்டிகள்தான் ஒலிம்பிக்கும் உலக சாம்பியன்ஷிப்பும். அவருடைய உடம்பு குளிருக்கும் மழைக்கும் ஆன உடம்பு.

பிறகு 2023 அக்டோபரில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டி, டோக்கியோவில், கொட்டும் மழையில். அவருக்கு வயது 36. துப்பாக்கி வெடித்ததும் தன்னந்தனியாக முன்னால் பாய்ந்தார். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் அத்தனை பேரையும் பின்னால் விட்டுவிட்டு, 35 கிலோமீட்டர் வரை அவர்தான் முன்னணி. கடைசியில் மூன்று பேர் தாண்டினார்கள். 2:09:18, நாலாமிடம். இரண்டு பேருக்குத்தான் அன்றே டிக்கெட், மூன்றாமவருக்குப் பிற்பாடு கிடைத்தது. முதலில் வந்தவருக்கும் இவருக்கும் இடையே 21 விநாடி. இதைத் தோல்வி என்று எழுத என் கை வராது அண்ணாச்சி. அந்தப் போட்டியின் வீடியோ கிடைத்தால் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். மழையில் நனைந்த ரோட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய, ஒரே ஆளாக அவர் ஓடுகிற காட்சியைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

கேள்வி: நான் ஓட ஆரம்பித்ததே போன ஆனியில். ஆடி வந்ததும் காற்று ஆளைத் தள்ளுகிறது, ஐப்பசி வந்தால் மழை. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் ஓட முடியாது போலிருக்கிறதே?
– வாசகர், தென்காசி

பதில்: உங்களுக்குத்தான் பாஸ்டன் கதையைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

2018 ஏப்ரல் 16. குளிர் 5 டிகிரிக்கும் கீழே. விடாத மழை. பாஸ்டன் போட்டி ஒரு ஊரில் தொடங்கி நேராக இன்னொரு ஊரில் முடிகிற பாதை, திரும்பி வருகிற வேலை இல்லை. அன்றைக்குக் காற்று எதிரில் அடித்தது என்றால் கடைசி வரை எதிரில்தான். பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் கோட்டையும் தொப்பியையும் கழற்ற மனசில்லாமல் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு ஓடினார்கள். கவாவுச்சி முதல் மைலை 4 நிமிடம் 37 விநாடியில் ஓடினார். அந்த வேகத்தைக் கடைசி வரை பிடித்தால் அன்றைய உலக சாதனையே உடைந்திருக்கும்! அது முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் கூட்டம் சுகமாக ஒதுங்கி ஓட அவர் விடவில்லை. அவர்கள் பிடிப்பார்கள், மறுபடி பாய்வார். மறுபடி பிடிப்பார்கள், மறுபடி பாய்வார்.

நடுவில் கென்யாவின் ஜெஃப்ரி கிருயி தனியாகப் பிரிந்து முன்னால் போனார். முந்தின வருஷ பாஸ்டன் சாம்பியன், அதே வருஷ உலக சாம்பியன். எல்லோரும் முடிந்தது என்றே நினைத்தார்கள். கிருயிக்குக் குளிர் காலில் ஏறிவிட்டது. கவாவுச்சிக்குப் பாதையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது முன்னால் கிருயியின் முதுகு தெரிந்தது. தாண்டினார். முடிவில் 2:15:58. இரண்டாவதாக வந்த கிருயி இரண்டு நிமிடம் 25 விநாடி பின்னால். அன்று பல பெரிய பெயர்கள் பாதியிலேயே ஒதுங்கிவிட்டன. போட்டி முடிந்து கேட்டபோது, எனக்கு இதைவிட நல்ல வானிலை அமையாது என்ற பொருளில் பதில் சொன்னார். பரிசு ஒன்றரை லட்சம் டாலர், கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்.

அவர் சும்மா சொல்லவில்லை. பாஸ்டன் இருக்கிற அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி, தண்ணீர் உறைகிற குளிருக்கு வெகு கீழே, மார்ஷ்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் ஒரு மாரத்தான் ஓடியிருந்தார், 2:18:59. பரிசும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஊர் ஊராகப் போய் எந்தக் காற்றிலும் எந்த மழையிலும் ஓடிப் பழகிய உடம்பு அது.

ஆகவே தென்காசித் தம்பி, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று உங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த பயிற்சியாளர். போகும்போது காற்றுக்கு எதிரே மேற்கே ஓடுங்கள், வரும்போது அது முதுகைத் தள்ளட்டும். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும், உடம்பு சில்லிட்டுப் போகும். வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். சாரலில் ஓடலாம். இடி மின்னல் என்றால் வீட்டிலேயே இருங்கள்.

கேள்வி: வேலையோடு ஓடியவர் என்று புகழ்கிறீர்கள். ஆனால் 2019-ல் அவரே வேலையை விட்டுவிட்டாராமே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: விட்டார், 2019 ஏப்ரலில். பாஸ்டன் முடிந்து ஊர் திரும்பியவுடனே அறிவித்துவிட்டு, அதன் பிறகும் ஒரு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுத்தான் விட்டார். ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆதரவு தந்தது. காரணம் எளிது: 2013 சியோல் நேரத்தை ஐந்து வருஷமாகத் தாண்ட முடியவில்லை. ஒரு வேளை ஓட்டத்தில் எட்டக்கூடிய உயரத்தை எட்டிவிட்டோம், இனி வாழ்க்கை முறையை மாற்றினால்தான் உண்டு என்று தெரிந்துகொண்டார். 2021 பிப்ரவரி 28-ல், பீவா ஏரி மாரத்தானில், 34 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது 2:07:27 ஓடினார். எட்டு வருஷத்துப் பழைய நேரம் உடைந்தது. அன்று கெங்கோ சுசுகி 2:04:56 ஓடி ஜப்பான் சாதனை படைத்தார், கவாவுச்சிக்குப் பத்தாமிடம்தான். ஆனால் அந்தப் பத்தாமிடம் எனக்குப் பாஸ்டன் வெற்றிக்கு ஈடு.

அவர் வேலையை விட்டது பத்து வருஷம் ஓடி, தன் உடம்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு. நம் பையன்கள் சிலர் ஓட ஆரம்பித்த ஆறாம் மாசமே வேலையை விடட்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

கேள்வி: நான் நர்ஸ். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ராத்திரி டியூட்டி முடிந்து காலை எட்டுக்குத்தான் வீடு. அதற்குள் வெக்கை ஏறிவிடுகிறது. எனக்கெல்லாம் ஓட்டம் ஒத்துவருமா அண்ணாச்சி?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக ஒத்துவரும் அம்மா. ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி ஓட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கவாவுச்சி தன் ஆபீஸ் நேரத்தை எதிரியாகப் பார்க்கவில்லை, அதைச் சுற்றியே திட்டம் போட்டார்.

ராத்திரி டியூட்டி வாரத்தில் காலையில் ஓட வேண்டவே வேண்டாம். தூக்கமில்லாத உடம்பு, மேலே வெயில், இரண்டும் சேர்ந்தால் மயக்கம்தான். வந்ததும் சாப்பிட்டுப் படுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல், டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் இருபத்தைந்து நிமிடம். அண்ணா ஸ்டேடியத்தில் அந்த நேரத்தில் பெண்களும் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள், வெளிச்சமும் உண்டு. பகல் டியூட்டி வாரத்தில் கருக்கலிலேயே எழுந்து ஓடலாம், ஆனால் தனியாக ரோட்டில் வேண்டாம், துணை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். ஆக வாரத்துக்கு நாலு நாள் வந்துவிட்டது.

சித்திரை, வைகாசியில் நேரத்தையும் தூரத்தையும் பார்க்காதீர்கள். வெயிலில் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி சூட்டை வெளியேற்றப் பார்க்கும், காலுக்குப் போகிற ரத்தம் குறையும். அதனால் அதே வேகம் கூடுதல் சிரமமாகத் தெரியும். கவாவுச்சியே வெயிலில் திணறியவர். கிளம்புவதற்கு முன் ஒரு சொம்பு நீராகாரம், உப்புப் போட்டு. அதைவிட நல்ல பானத்தைக் கடையில் யாரும் விற்கவில்லை.

கேள்வி: வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வயது 31. கவாவுச்சி மாதிரி மாசத்துக்கு ஒரு மாரத்தான் என்று முடிவு செய்து மூன்று ஊருக்குப் பணம் கட்டிவிட்டேன். இதுவரை ஓடிய அதிகபட்சம் 10 கிலோமீட்டர். வாழ்த்துங்கள் அண்ணாச்சி.
– வாசகர், பெருமாள்புரம்

பதில்: வாழ்த்துவதற்கு முன் அந்த மூன்றில் இரண்டை ரத்து செய்யுங்கள் தம்பி.

கவாவுச்சி ஆரம்பப் பள்ளியிலிருந்து ஓடியவர். தனியாகப் பயிற்சி செய்கிற ஆளுக்குப் பக்கத்தில் ஓட ஆள் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. அதனால் போட்டியையே பயிற்சியாக ஆக்கிக்கொண்டார். சின்ன ஊர்ப் போட்டிகளில் முழு மூச்சையும் கொட்டாமல், ஒரு நீண்ட வேக ஓட்டமாக ஓடிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவார். கோட் சூட் டை போட்டுக்கொண்டுகூட ஒரு அரை மாரத்தான் ஓடியிருக்கிறார், பாண்டா கரடி வேஷத்திலும் ஓடியிருக்கிறார்! அவருக்கு 2:18 என்பது பயிற்சி வேகம். உங்களுக்கு 42 கிலோமீட்டர் என்பது இன்னும் போகாத ஊர்.

மூன்றில் கடைசியாக வருகிற போட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குறைந்தது ஐந்து மாதம் தள்ளி இருந்தால். இல்லாவிட்டால் அதையும் அரை மாரத்தானாக மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள், பல போட்டிகளில் மாற்றித் தருவார்கள். ஞாயிறு ஓட்டத்தை 10-லிருந்து 12, 14 என்று ஏற்றி, நாலாவது வாரம் 10-க்கே இறக்குங்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரை நீண்ட ஓட்டத்துக்கு அருமையான இடம், மண் பாதை, மர நிழல், முழங்காலுக்கும் நல்லது. முப்பது கிலோமீட்டரை ஒரு தடவை ஓடி முடித்து, மறுநாள் மாடிப்படியில் சுவரைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள், அப்போது வாழ்த்துகிறேன்.

முழங்கால் வலி, குதிகால் வலி பற்றிய கடிதங்கள் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் அவற்றை எடுக்கிறேன். எழுதுகிறவர்கள் வயது, எடை, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த மாதிரி ரோடு என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.